பத்து நாள் அநாதைகள்

அத்தியாயம் 14

அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாத பத்து நாளில் இன்றைக்குக் கடைசி நாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். போதகராக இருக்கும் மாமா ஒரு பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறார். வருஷத்துக்கு ஒருமுறை கடல் கடந்து ஒரு சபையிலிருந்து ஊழியக் குழு வரும். பத்து நாள் தங்கும். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும், பந்து விளையாடும், சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்கு பெயின்ட் அடிக்கும். வருஷா வருஷம் அதே சுவர்தான். அடித்து அடித்துச் சுவருக்கே தோல் தடித்துவிட்டது.

காப்பகத்தில் சமைப்பவள் மாமாவின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் போன பிறகு, இரண்டு பெண்களோடு அண்ணனிடம் வந்து சேர்ந்தவள். குழு முதல் தடவை வந்தபோது காப்பகத்தில் பிள்ளைகள் போதவில்லை. வரிசையில் நிறுத்தினால் பார்க்கவே பாவமாக இருந்தது. "சும்மா போட்டோவுக்குத்தான்" என்று சொல்லி, மாமா தங்கையின் மூத்த பெண்ணை வரிசையில் நிறுத்தி, இடுப்பில் சின்னதைக் கொடுத்துவிட்டார்.

வந்தவர்களுக்கு அந்த போட்டோதான் பிடித்துப்போயிற்று. அதை அட்டையில் அச்சடித்து, தாயும் தகப்பனும் இல்லாத இந்த அக்கா தங்கைக்காக ஜெபியுங்கள் என்று அவர்கள் ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இந்த இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் இவர்கள் அநாதை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே குழு வருகிற பத்து நாளும் அம்மா வெறும் சமையல் ஆன்ட்டி. குழு வருவதற்கு முன் ஒத்திகை வேறு நடக்கும். தப்பித் தவறி அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெரியவள் இப்போது வளர்ந்து, குழுவுக்கு மொழிபெயர்ப்பாளர். தான் அநாதை என்பதைத் தானே இரண்டு பாஷையில் சொல்லுகிற உத்தியோகம். எழுதுகிற எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருக்கும்!

காலைச் சாப்பாட்டு நேரம். பெயின்ட் இன்னும் காயவில்லை. போன வருஷத்து ரோஸ் நிறத்தின் மேல் இந்த வருஷம் நீலம். பிள்ளைகள் சுவரில் சாயாமல் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தொப்பி ஆன்ட்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு நேராக வாலுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழுத் தலைவரின் மனைவி அவள். வீட்டுக்குள்ளும் வைக்கோல் தொப்பியைக் கழற்றாததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வாலு என்பது நம் சின்னவள்தான். பெயருக்கு ஏற்ற குணம்.

தொப்பி ஆன்ட்டி வாலுவின் கன்னத்தைத் தடவிவிட்டு, பெரியவளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். பெரியவள் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள். பாதியிலேயே வாய் நின்றுவிட்டது.

தொப்பி ஆன்ட்டி கேட்டது இது: "உன் அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம்? ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். நீ வருவதற்குள் நாங்கள் தயார் செய்துவிடுவோம்."

"என்ன கேக்கறாங்கக்கா?" வாலு தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உனக்கு... உனக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேக்கறாங்க."

"மஞ்சள்னு சொல்லு. நம்ம ரூமுக்கும் மஞ்சள்தான் கேட்டேன், அம்மா படுக்கற பக்கம் மட்டும்..." வாலு சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் உருண்டு மாமா எங்கே என்று தேடியது.

சொந்த அம்மாவை அம்மா என்று சொன்னதற்குப் பயப்படுகிற பிள்ளை. பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது.

"மஞ்சள் என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

தொப்பி ஆன்ட்டி வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கும் எழுத வசதியாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. தான் பெறாத பிள்ளைக்காக ஏரி தெரிகிற அறையை ஒழித்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த அணைப்புக்குப் பின்னால் ஒரு கை வந்து, காலியான டம்ளரில் தேநீரை ஊற்றிவிட்டுப் போனது. அது அம்மாவின் கை. அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது.

மாமா வெளியே வேனின் மேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினால், எதிரே பெரியவள் நிற்கிறாள்.

"மாமா, வாலுவுக்கு எந்த ஊர்ல ரூம் போடறாங்க?"

மாமாவின் முகத்தில் ஒன்று மாறியது. பிறகு வழக்கமான சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குள்ள சொல்லிட்டாங்களா? சாயங்காலம் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி சொல்லலாம்னு இருந்தோம். தத்து எடுத்துக்கறாங்கம்மா. எப்பேர்ப்பட்ட ஆசீர்வாதம் பாரு."

"அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"டீம் ஊருக்குப் போகட்டும். நிதானமா நான் பேசிக்கறேன்."

"பிள்ளையைக் கொடுத்துட்டு அப்புறம் பேசுவீங்களா?"

"இன்னிக்கே ஏத்தி அனுப்பறேனா? சட்டப்படி எல்லாம் முடிய மாசக்கணக்காகும். இன்னிக்கு அவங்க கையில ஒப்படைச்சு ஒரு ஜெபம், அவ்வளவுதான். நீ மொழிபெயர்க்கணும், அழுதுகிழுது வைக்காதே."

"அவளுக்கு அம்மா இருக்காங்க மாமா!"

"மெதுவா பேசு." மாமா வேனின் மறுபக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? என் கூடப்பிறந்தவ. ஆனா யோசிச்சுப் பாரு. இங்க இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறா வாலு? அங்க போனா படிப்பா, ராணி மாதிரி இருப்பா. நாளைக்கு உங்க ரெண்டு பேரையும் அவளே கூப்பிட்டுக்குவா."

"அப்ப உண்மையைச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அம்மா இருக்கற பிள்ளைன்னு தெரிஞ்சே கூட்டிட்டுப் போகட்டும்."

மாமா கயிற்றைக் கீழே போட்டார். சிரிப்பும் அதோடு போயிற்று.

"உண்மையைச் சொல்லு. தாராளமா சொல்லு. சொன்ன மறுநாளே இந்த இடத்தை மூடிட்டுப் போகணும். சின்னதா ஒரு பொய் சொல்லி ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொய்யாலதான் இங்க அடுப்பு எரியுது. நீயும் உங்கம்மாவும் எங்கயாவது போய்ப் பிழைச்சுக்குவீங்க. ரெட்டைச்சுழிக்கு யார் இருக்கா? அவளுக்கு நிஜமாவே நாதியில்லை. அவ எங்க போவா? நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

ரெட்டைச்சுழி வாலுவின் தோழி. பக்கத்துப் படுக்கை. உச்சந்தலையில் இரண்டு சுழி. அம்மா தலைவாரிவிடக் கூடாத இந்தப் பத்து நாளும் வாலுவுக்குப் பின்னிவிடுகிறவள் அவள்தான். வகிடு ஒரு நாளும் நேராக விழுந்ததில்லை.

பெரியவளுக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. நாதியற்ற ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, நாதியுள்ள பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறாரே மனுஷன்!

"சாயங்காலம் நல்ல டிரஸ்ஸா போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடியும் கயிற்றை எடுத்துக்கொண்டார்.

சமையற்கட்டில் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஏரியைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள், மஞ்சள் பெயின்ட்டைச் சொன்னாள். அம்மா தலையைத் தூக்கவில்லை. கத்தி மட்டும் நின்றுபோனது.

"காலையில அந்தம்மா கட்டிப்பிடிச்சு அழுதது இதுக்குத்தானா?"

"ஆமாம்."

"நான் பக்கத்துல நின்னு டீ ஊத்தினேனே."

"ஆமாம்மா."

"நீயும் அங்கேயேதானே இருந்தே?" அம்மா இப்போது நிமிர்ந்தாள். "அவளுக்கு யாருமில்லைன்னு வருஷா வருஷம் அவங்ககிட்ட எடுத்துச் சொன்னது யாருடி? நீதானே? வாய் கூசாம சொன்னியே. அதான் வந்து கேக்கறாங்க!"

"என்னைச் சொல்லாதே!" பெரியவள் கத்திவிட்டாள். "முதல் ஒத்திகையில எனக்கு என்ன வயசு? 'மாமா சொல்றபடி சொல்லிடு கண்ணு, பத்து நாள்தானே'ன்னு சொன்னது யாரு? நீ! மாமா போட்ட நாடகத்துல என்னை ஏத்திவிட்டது நீதான். சாப்பாட்டுத் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, எங்க அம்மா செத்துட்டாங்கன்னு நான் சொல்றதைக் கேட்டுட்டு நின்னவளும் நீதான்!"

அம்மா கையிலிருந்த கிழங்கை அப்படியே தண்ணீரில் போட்டாள். பாதித் தோல் சீவாமலே போயிற்று.

"சோறு போட்டவர்டி உங்க மாமா."

"சோறு போட்டவரா? ஆக்கறது யாரும்மா?"

இத்தனை பேருக்கும் விடிந்ததிலிருந்து வெந்துகொண்டிருப்பவள் அம்மாதான். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி ஜெபிக்கிறபோது எல்லோரும் மாமா பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"நீ அவங்ககிட்ட சொல்லிடு" என்றாள் அம்மா. குரல் உள்ளே போயிருந்தது. "நீ அவங்க பாஷை பேசறவ. உண்மையைச் சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்."

"என்னடி சொல்றே?"

"எனக்குக் கொடுத்த வேலை அடுத்தவங்க பேசறதை எடுத்துச் சொல்றது. இத்தனை வருஷமா மாமா சொன்னதைச் சொன்னேன். நீ ஒரு தடவை உன் வாயால சொல்லு. அவர் முன்னாடி, எல்லார் முன்னாடியும் சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காம நான் அவங்களுக்குச் சொல்றேன்."

"அண்ணன் முன்னாடி நான் எப்படி..."

"அப்ப உன் பொண்ணு மஞ்சள் ரூமுக்குப் போகட்டும்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் பெரியவள். பெற்றவளிடம் இப்படிப் பேசலாமா என்று சிலர் கடிதம் எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். அவள் இடத்தில் இருந்தால் நான் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் பிரிவுக் கூட்டம். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, குழுவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெயின்ட் வாசனை தலையைச் சுற்றியது. பிள்ளைகள் வரிசையாகத் தரையில். வாலுவின் பின்னல் வழக்கம்போல் ஒரு காதுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்திலேயே ரெட்டைச்சுழி, தன் கைவேலையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு.

பாட்டு முடிந்தது. குழுத் தலைவர் பேசினார், பெரியவள் தமிழில் சொன்னாள். மாமா பேசினார், பெரியவள் இங்கிலீஷில் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இந்த வேலையில் அவள் கெட்டிக்காரி, என்ன செய்ய!

பிறகு மாமா வாலுவைக் கைப்பிடித்து எழுப்பி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தொப்பி ஆன்ட்டி எழுந்து வந்து அவளுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள். வாலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசு ஏதோ தரப்போகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குழந்தைக்கு இந்த உலகத்துல யாருமே இல்லை" என்றார் மாமா. தொண்டை கரகரத்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் கரகரக்கும். "இன்னிக்குக் கர்த்தர் இவளுக்கு ஒரு தாயையும் தகப்பனையும் கொடுத்திருக்கார்."

பெரியவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை.

"சொல்லும்மா."

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. பரிமாறுகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை. குழுவில் ஒருவர் இருமினார். சின்னப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன நின்னுட்டே? சொல்லு!" மாமா பல்லைக் கடித்தார்.

"வாலு."

குரல் வாசலிலிருந்து வந்தது. இடுப்பில் செருகிய ஈரத் துணியோடு அம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் கரண்டி, கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"இங்க வா. வகிடு கோணலா இருக்கு. நான் பின்னிவிடறேன்."

பிள்ளைகளுக்கெல்லாம் சட்டம் தெரியும். வாலு முதலில் மாமாவைப் பார்த்தாள், அப்புறம் அக்காவைப் பார்த்தாள். இது ஒத்திகையா, நிஜமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீ உள்ள போ" என்றார் மாமா தங்கையிடம். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"போகமாட்டேன் அண்ணே." அம்மா வாசலை விட்டு நகரவில்லை. "வாலு, அங்க யாரைப் பார்க்கறே? உங்க அம்மா கூப்பிடறேன். வாடி."

வாலு இரண்டு கைகளையும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு ஓடினாள். கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவளை முழங்கால்களுக்கு நடுவில் இழுத்துப் பிடித்து, கோணல் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். விரல் ஓடவில்லை. முடி மறுபடி மறுபடி சிக்கிக்கொண்டது. வாலு வலிக்கிறது என்று சொல்லவில்லை.

தொப்பி ஆன்ட்டி பெரியவளிடம் திரும்பினாள். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முந்திக்கொண்டார். சமையற்காரி, பிள்ளைகள் மேல் ரொம்பப் பிரியம், பிரிய மனசில்லை, அழுகிறாள் என்றெல்லாம் அடுக்கினார்.

பெரியவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"வாசற்படியில் இருப்பவர் சொல்வது அதில்லை. 'உன் அம்மா கூப்பிடுகிறேன்' என்று சொல்கிறார். இவர் அந்தப் பிள்ளையைப் பெற்றவர். என்னையும் பெற்றவர். உங்கள் போதகருக்குக் கூடப்பிறந்த தங்கை."

ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்கிறேன் என்றவள் நாலு வார்த்தை கூடவே சொல்லிவிட்டாள். நல்லதுதான்.

தொப்பி ஆன்ட்டி தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். முகம் முழுக்கச் சிவந்துபோயிருந்தது. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது, வராமல் இருக்குமா?

"நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே" என்றாள். "வருஷா வருஷம் அழுதேனே. அப்போதெல்லாம் இவள் எங்கே இருந்தாள்?"

"உங்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்."

தொப்பி ஆன்ட்டி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். வகிடு நேராக விழுந்திருந்தது. அம்மா மூன்று கால் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். அதைப் பார்த்துவிட்டு, தொப்பி ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

அது பெரியவளைக் கேட்ட கேள்வி. அவள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்கான பழக்கம் சும்மா விடுமா? காதில் விழுந்ததை வாய் அப்படியே திருப்பி, மைக்கில், தமிழில், பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டது.

"இங்க வேற யாருக்கெல்லாம் அம்மா இருக்காங்க?"

"அதை எதுக்கு அவங்ககிட்ட கேக்கறே!" மாமா கத்தினார். அந்தக் குரலைப் பிள்ளைகள் அதற்கு முன் குழுவின் எதிரில் கேட்டதில்லை.

அப்புறம் வரிசையின் ஓரத்தில், வாலு எழுந்துபோன காலி இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கை உயர்ந்தது.

ரெட்டைச்சுழி.

பெரியவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாவே நாதியில்லை என்று காலையில்தானே, வேனுக்குப் பக்கத்தில் நின்று, கயிற்றைக் கீழே போட்டுவிட்டு...

"எங்க அம்மா இருக்காங்கக்கா" என்றாள் ரெட்டைச்சுழி. "சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"யாரு சொன்னா?"

ரெட்டைச்சுழி மாமாவைப் பார்த்தாள்.

"கையைக் கீழே இறக்கு" என்றார் மாமா.

அதைப் பெரியவள் இங்கிலீஷில் சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்காமல். ரெட்டைச்சுழி கையை இறக்கவில்லை. அவளுக்குப் பின் வரிசையில் இன்னொரு கை தோள்வரை எழுந்து, மேலே போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.